நாற்பத்தொரு பல்

ஜவ்வாது மலை யூனிட்
4.10.2024

வாணியம்பாடி ஆபீஸ், தொழிலாளர் நலப் பிரிவு மேடம் அவர்களுக்கு,

என் பெயர் பாஞ்சாலை. மலை யூனிட்டில் ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிற இருபத்திமூன்று பெண்களில் ஒருத்தி. உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பல்லையும் தெரியாது. ஆனால் அதைப் பிடுங்கலாம் என்று மட்டும் உங்கள் ஆபீசுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் கம்பெனி பல் முகாம் நடந்தது. முகாம் டாக்டர் என் வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு நேராக ஊசியை எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னாம்மா, தொறயேன்" என்றார்.

"காப்பாத்த முடியுமா முடியாதா, அத மொதல்ல சொல்லுங்க சார்."

"ஒங்க இன்சூரன்ஸ் கார்டுக்குப் புடுங்குறதுதாம்மா ஃப்ரீ."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போளூருக்கு இறங்கினேன். இன்சூரன்ஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெயர் போட்டிருக்கிற பல் டாக்டர் பூவிழியைப் பார்த்தேன். படம் எடுத்துப் பார்த்தார். ரூட் கெனால் செய்து மேலே கேப் போட்டால் இந்தப் பல் பல வருடம் நிற்கும் என்றார். பிறகு என் கார்டு நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பிடுங்க அனுமதி உண்டு, காப்பாற்ற அனுமதி இல்லை என்று வந்தது.

மூன்று வருடமாக மாதம் தவறாமல் என் சம்பளத்தில் பல்லுக்கென்று பிடிக்கிறீர்கள். எனக்கு முப்பத்திநான்கு வயது. ஐந்து பல் ஏற்கெனவே போய்விட்டது. வலது பக்கம் மெல்லுவதற்கு இது ஒன்றுதான் மிச்சம். என்னோடு தைக்கிற சுந்தரம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. எல்லாப் பல்லும் போய்க் கன்னம் ஒட்டி, பஸ் கண்டக்டர் அவளைப் பாட்டி என்கிறான். அந்த நிலைக்கு நான் போக மாட்டேன். களி விழுங்கப் பல் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். எனக்கு எலும்பு கடிக்க வேண்டும், மொச்சை கடிக்க வேண்டும், கோபம் வந்தால் பல்லைக் கடிக்கவும் வேண்டும்.

ஏன் எனக்கு அனுமதி இல்லை? பதிலை எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னால் நீங்கள் சொன்னதை நான்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் தோல் ஏற்றி வருகிற வேன் டிரைவர் நவீன்குமாரிடம் கொடுத்தால் போதும்.

பாஞ்சாலை


வாணியம்பாடி
8.10.2024

திருமதி பாஞ்சாலை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நமது பல் மருத்துவ இன்சூரன்ஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வருடத்துக்கு இருமுறை பரிசோதனை, ஒருமுறை பல் சுத்தம், பல் எடுத்தல் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும். இரண்டாம் வகையில் இவற்றுடன் பல் அடைத்தல், ரூட் கெனால், கேப் ஆகியவையும் சேரும். அவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். செலவில் ஐந்தில் நான்கு பங்கை இன்சூரன்ஸ் ஏற்கும். அனுமதி கிடைத்த முப்பது நாட்களுக்குள் சிகிச்சையை முடித்தாக வேண்டும்.

தாங்கள் சேர்ந்திருப்பது முதல் வகையில். ஜனவரியில் புதுப்பிக்கும்போதுதான் வகையை மாற்றக் கேட்கலாம். அதுவும் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது. வருந்துகிறோம்.

வலி இருந்தால் வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கவும்.

ஆஸ்மா
எழுத்தர், தொழிலாளர் நலப் பிரிவு


ஜவ்வாது மலை யூனிட்
15.10.2024

ஆஸ்மா மேடம் அவர்களுக்கு,

உப்புத் தண்ணீர் மலையிலும் கிடைக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வாணியம்பாடி வரைக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பெண் தேவயானி உங்கள் ஃபேக்டரியில் தைக்கிறாள், அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஆயுத பூஜை லீவுக்கு வந்திருந்தாள். மார்ச் மாதம் அவளுக்கு ரூட் கெனால் ஆகியிருக்கிறது. இரண்டு பேர் சம்பளச் சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பல்லுக்குப் பிடிக்கிற பணம் ஒரே அளவு. அப்புறம் எப்படி அவளுக்கு மட்டும் இரண்டாம் வகை?

நான் எந்த வகையையும் கேட்கவில்லை. இரண்டு வகை இருப்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். இன்சூரன்ஸில் சேர்ந்தபோது கொடுத்த என் ஃபாரத்தின் நகலை அனுப்புங்கள். ஜனவரி வரைக்கும் இந்தப் பல் காத்திருக்காது. அடியில் சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

என் புருசன் கருப்பனும் உங்கள் கட்சிதான். "ஒரு பல்லுக்கு இத்தினி கடுதாசியா? புடுங்கிப் போட்டுட்டு வந்து வேலயப் பாருடி" என்கிறார். அவருக்கு முப்பத்திரண்டும் இருக்கிறது, பேசுவார்.

பாஞ்சாலை


வாணியம்பாடி
22.10.2024

திருமதி பாஞ்சாலை அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட நகலை இணைத்துள்ளேன். தொழிலாளியிடம் பிடிக்கும் தொகை இரு வகைக்கும் ஒன்றே. இரண்டாம் வகைக்கு ஆகும் கூடுதல் தொகையைக் கம்பெனி கட்டும். படிவத்தில் தங்கள் கையெழுத்து உள்ளது. முதல் வகைக் கட்டத்தில் டிக் உள்ளது. அதை யார் போட்டது என்பதற்குப் பதிவு இல்லை.

தொந்தரவு அதிகமானால் டிசம்பர் முகாமில் பல்லை எடுத்துக்கொள்ளலாம். தங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன்.

ஆஸ்மா
இணைப்பு: படிவ நகல் 1 ✓


ஜவ்வாது மலை யூனிட்
25.10.2024

ஆஸ்மா மேடம்,

பதிவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் அடியில், இணைப்பு என்று எழுதி ஒரு டிக் போட்டிருக்கிறீர்கள். அதன் வால் மேலே நீண்டு, முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி திரும்பியிருக்கிறது. என் ஃபாரத்தில் இருக்கிற டிக்கிலும் அதே கொக்கி. நான் நாள் முழுக்கத் தையல் பார்க்கிறவள். பத்து ஷூவைக் கலந்து போட்டாலும் எது என் கை, எது சுந்தரம்மாள் கை என்று எடுத்துக் கொடுப்பேன். இழுக்கிற இழுப்பிலேயே ஆள் தெரிந்துவிடும்.

இது உங்கள் கை. இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

பாஞ்சாலை


வாணியம்பாடி
5.11.2024

பாஞ்சாலை அக்கா,

இதை ஆபீஸ் காகிதத்தில் எழுதவில்லை. தீபாவளி லீவில் வீட்டில் உட்கார்ந்து நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அது என் கைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். உங்கள் யூனிட்டிலிருந்து வந்த இருபத்திமூன்று ஃபாரத்திலும் கையெழுத்தோ ரேகையோ மட்டும் இருந்தது, கட்டமெல்லாம் காலி. நவீன்குமார் அண்ணனைக் கேட்டேன். "மலையில அப்படித்தாங்க. ஃபாரத்துல நாம கை வச்சா கெட்டுப்போய்டும்னு கையெழுத்த மட்டும் போட்டு அனுப்புவாங்க. மிச்சத்த ஆபீஸ்ல எழுதிக்குவாங்கன்னு ஒரு மரியாத" என்றார். இன்சூரன்ஸ்காரர் வந்து காத்திருந்தார். மேனேஜர் விஜயராஜ் சார், "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடும்மா" என்றார்.

நான் யாரையும் கேட்கவில்லை, நானே யோசித்தேன். பிடுங்குவது ஒரே நாள் வேலை, அதற்கு முகாமே மலைக்கு வரும். ரூட் கெனாலுக்கு மூன்று தடவையாவது கீழே வர வேண்டும். அங்கே பஸ் எத்தனை ஓடுகிறது? பாவம், பாதியில் விட்டுவிடுவார்கள், வாங்கிய அனுமதியும் வீணாகிவிடும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முதல் கட்டத்தில் டிக் போட்டேன். உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன் அக்கா. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன கடிதத்தில் பதிவு இல்லை என்று எழுதியது பயத்தில். எங்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். "ஒரு தப்பு வந்தாலும் அன்னிக்கே வூட்ல உக்காந்துடணும்" என்று அண்ணன் ஒவைஸ் முதல் நாளே சொல்லி வைத்திருக்கிறான். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆஸ்மா


ஜவ்வாது மலை யூனிட்
8.11.2024

ஆஸ்மாவுக்கு,

மேடம் போட மனசு வரவில்லை.

எங்களால் மூன்று தடவை இறங்க முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் இந்த மலையைப் பார்த்ததுகூட இல்லை. புளி எடுக்கிற காலத்தில் வாரம் இரண்டு தடவை மூட்டையோடு போளூருக்கு இறங்குகிறோம். என் மாமியார் கண் ஆபரேஷனுக்கு ஆறு தடவை இறங்கினோம். அப்போதெல்லாம் யாரும் எங்களைப் பாவம் என்று சொல்லவில்லை. வர முடியுமா என்று ஒரு வார்த்தை நவீன்குமாரிடம் சொல்லி அனுப்பியிருந்தால் போதும், வருவோமா மாட்டோமா என்று நாங்கள் சொல்லியிருப்போம்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியையும் வாயைத் திறக்கச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் முகாமில் மட்டும் நாற்பத்தொரு பல் பிடுங்கியிருக்கிறார்கள். நாற்பத்தொன்றையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். நீங்கள் போட்ட ஒரு டிக்குக்கு எத்தனை பல் ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள், பி.காம். படித்தவர் என்று நவீன்குமார் சொன்னார்.

எங்கள் தப்பும் இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதை மரியாதை என்று நினைத்தோம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அதில் இஷ்டத்துக்கு எழுதலாம் என்று ஆகிவிடாது.

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன். உங்கள் அண்ணனுக்குப் பயந்து இல்லை. உங்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டால் இதைச் சரிசெய்ய எனக்கு ஆள் கிடைக்காது. அழுதது போதும். இதை மாற்ற என்ன வழி என்று பார்த்து எழுதுங்கள்.

பாஞ்சாலை


வாணியம்பாடி
12.11.2024

பாஞ்சாலை அக்கா,

வழி இருக்கிறது. ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து இப்போதுதான் முழுசாகப் படித்தேன். கம்பெனி தரப்பில் படிவத்தை நிரப்புவதில் பிழை நடந்திருந்தால், நடக்கிற இன்சூரன்ஸ் வருடம் முடிவதற்குள் கம்பெனியே எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. சேர்ந்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. உங்களுக்கு மூன்று முடிந்துவிட்டது.

இருபத்திமூன்று ஃபாரத்திலும் தவறாக டிக் போட்டது நான் என்று எழுதி, கையெழுத்திட்டு, விஜயராஜ் சார் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "ஒருத்தருக்கு வேணா திருத்தலாம். இருபத்திமூணு பேருக்கும் மாத்தினா மீதிப் பணத்த எவன் கட்டுறது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட டிக் அவருக்கு மூன்று வருடமாக வசதியாக இருந்திருக்கிறது.

உங்களுக்கு மட்டும் அனுமதி கேட்க ஒப்புக்கொண்டார். கூட அனுப்பியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் இரண்டாவது பத்தியில், இது தனிச் சலுகை, இதை மற்றவர்களிடம் சொல்ல மாட்டேன் என்று இருக்கிறது. எனக்கே படிக்கக் கூசுகிறது. ஆனாலும் சீழ் பிடித்திருக்கிறது என்றீர்களே, முதலில் உங்கள் பல்லைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்மா


ஜவ்வாது மலை யூனிட்
15.11.2024

ஆஸ்மாவுக்கு,

கன்னம் வீங்கிக் கண்ணை மறைக்கிறது. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக என் பல்லைத் தியாகம் பண்ணுவேன் என்று நினைத்தீர்களா? நான் அவ்வளவு நல்லவள் இல்லை. இது என் பல், எனக்கு வேண்டும். ஆனால் இரண்டாவது பத்தியின் மேல் குறுக்கே கோடு அடித்து, பக்கத்தில் "இதற்குச் சம்மதம் இல்லை" என்று எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

வேனில் ஏற்றிய ஷூ மூட்டையில் இன்னொரு கவரும் இருக்கிறது. வெள்ளைத் தாளில் நாங்களே கட்டம் வரைந்து, மற்ற இருபத்திரண்டு பேரும் இரண்டாம் வகை கேட்டு எழுதியது. ஒவ்வொருத்தியும் அவளவள் கையால் டிக் போட்டிருக்கிறாள். எழுதத் தெரியாத மூன்று பேர் ரேகை வைத்து, டிக்கை மட்டும் பேனா வாங்கித் தாங்களே போட்டார்கள். ஒருத்தி போட்டது டிக் மாதிரியே இல்லை, வெண்டைக்காய் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் செல்லும்.

சுந்தரம்மாளிடம், "ஒனக்குக் காப்பாத்த இன்னாக்கா இருக்குது?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். "பல்லு இல்லாட்டி இன்னா, சம்பளத்துல புடிக்கிறான் இல்ல? என்னுதையும் எழுது" என்று பேனாவைப் பிடுங்கி டிக் போட்டாள்.

பாஞ்சாலை


வாணியம்பாடி
22.11.2024

அக்கா,

அனுமதி வந்துவிட்டது. போளூர் டாக்டருக்கும் தகவல் போய்விட்டது. நீங்கள் கோடு அடித்த தாளை அப்படியே கோப்பில் வைத்தேன். விஜயராஜ் சார் கவனிக்கவில்லை, நானும் காட்டவில்லை.

ஆனால் இருபத்திரண்டு மனுவையும் பார்த்தார். "இந்தம்மாவே மூணு தடவ எறங்கி வந்து முடிக்கட்டும் பாக்கலாம். அடுத்த வருசப் பட்டியல டிசம்பர் ஆறாம் தேதி மூடுறேன். அதுக்குள்ள டாக்டர்கிட்டருந்து முடிஞ்சதுன்னு சான்று வந்துட்டா மத்தவங்களையும் ரெண்டாம் வகைல போட்டுர்றேன். பாதியில நின்னா நீ அன்னிக்குப் போட்ட டிக்குதான் சரி" என்றார். ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தார். அதை எழுதி வாங்கிக்கொண்டேன். எழுதி வாங்குவது உங்களிடம் கற்றது.

ஆஸ்மா


ஜவ்வாது மலை யூனிட்
29.11.2024

ஆஸ்மாவுக்கு,

இரண்டு தடவை ஆகிவிட்டது.

மாத்திரையில் வீக்கம் வடிந்த பிறகு திங்கட்கிழமை முதல் தடவை இறங்கினேன். பல்லுக்குள் மயிர் மாதிரி மெல்லிய கம்பியை விட்டு விட்டு எடுத்தார் பூவிழி டாக்டர். சீழ் வெளியே வந்ததும் இரண்டு மாத வலி அப்படியே இறங்கியது. அழுதுவிட்டேன். "வலிக்குதாம்மா?" என்று பதறினார். "வலிக்கலங்க, அதான் அழுவுறேன்" என்றேன்.

நேற்று இரண்டாம் தடவை. உள்ளே அடைத்து, கேப்புக்கு அளவு எடுத்தார்கள். ஐந்தில் ஒரு பங்குக்குக் கருப்பன் சாமை விற்ற பணத்தை எடுத்துக் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே. கேப் போட ஐந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே சான்றும் கொடுத்துவிடுவார்கள். ஆறாம் தேதிக்கு ஒரு நாள் முன்னால், போதும்.

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கிழக்கே கருகருவென்று இருக்கிறது. உங்கள் விஜயராஜ் சாருக்காகவே வருகிறது போல.

பாஞ்சாலை


வாணியம்பாடி
4.12.2024

அக்கா,

நேற்று வேன் போகவில்லை. மலைப் பாதையில் மூன்று இடத்தில் மண் சரிந்து, மரம் விழுந்து கிடக்கிறதாம். பஸ்ஸும் இல்லை. நான்கு நாளாக உங்கள் யூனிட் போனும் எடுக்கவில்லை. கூரை, பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் எப்படி இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது வந்து சேரும் என்றும் தெரியவில்லை. நீங்கள் இறங்க வேண்டாம். பாதை இல்லாத மலையில் ஒரு பல்லுக்காக வர வேண்டாம். நான் விஜயராஜ் சாரிடம் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கிறேன்.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், மறுபடியும் நானே உங்களால் முடியாது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. பயத்தில்தான் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியட்டும். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைக்கட்டும்.

ஆஸ்மா


போளூர்
5.12.2024

ஆஸ்மாவுக்கு,

டாக்டரம்மாவின் கிளினிக்கில் உட்கார்ந்து அவருடைய பேப்பரிலேயே எழுதுகிறேன். கேப் போட்டாயிற்று. சான்றைப் போனில் படம் பிடித்து உங்கள் ஆபீசுக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் என் கண் எதிரிலேயே அனுப்பிவிட்டார். அசலை இந்தக் கவரில் வைத்துத் தபாலில் போடுகிறேன்.

எப்படி வந்தேன் என்று கேட்பீர்கள். ரோடுதான் இல்லை, மலை அங்கேயேதான் இருக்கிறது. படவேட்டுக்கு இறங்குகிற காட்டுப் பாதையில் விடிந்தும் விடியாமலும் புறப்பட்டோம். கருப்பன் முன்னால் கத்தியோடு போய் விழுந்த கிளைகளை வெட்டிக்கொண்டே போனார். "ஒரு பல்லுக்குப் போய்…" என்று ஆரம்பித்தார். "இருவத்திமூணு பேர் பல்லுய்யா" என்றேன். அப்புறம் இன்னும் வேகமாக வெட்டினார். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். வாயை மட்டும் கையால் பொத்திக்கொண்டு விழுந்தேன், முட்டி சிராய்ந்தது, பல் பத்திரம். மத்தியானம் படவேட்டில் பஸ் பிடித்தோம்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் வரவில்லை. சுந்தரம்மாளும் இன்னும் இரண்டு பேரும் கூட நடந்தார்கள். வந்த இடத்தில் அவர்களையும் நாற்காலியில் உட்கார வைத்தேன். பரிசோதனையும் சுத்தம் செய்வதும் முதல் வகையிலேயே சும்மாதான் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? மூன்று வருடத்தில் ஒருத்திகூட அதைக் கேட்டு வாங்கியதில்லை. இன்றைக்கு வாங்கிவிட்டோம். மற்ற இரண்டு பேருக்கும் காப்பாற்றக்கூடிய பல் மொத்தம் ஐந்து இருக்கிறது. ஜனவரியில் அனுமதி கேட்க டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் இதோடு இருக்கிறது.

விஜயராஜ் சாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை பஸ் இல்லாமலேயே வந்தேன்.

பாஞ்சாலை


வாணியம்பாடி
13.12.2024

அக்கா,

ஐந்தாம் தேதி சாயங்காலம் சான்று வந்தது. ஆறாம் தேதி காலையில் அச்செடுத்து சார் முன்னால் வைத்தேன். "ரோடே இல்லியே, எப்படி வந்தாங்க?" என்றார். அப்போது எனக்கே தெரியாது. "வந்துட்டாங்க சார்" என்று மட்டும் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்தேன். இருபத்திரண்டு பெயரையும் இரண்டாம் வகையில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபோது முகம் நன்றாக இல்லை. அன்றைக்கு மத்தியானம் மேசைக்கு அடியில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் சிரித்தேன்.

அக்கா, இன்னொன்று இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கோப்பை அலமாரியில் வைக்கப் போனபோது பக்கத்துக் கோப்பைத் திறந்து பார்த்தேன். படவேடு யூனிட், அறுபத்தொரு பெண்கள். அதுவும் காலிக் கட்டங்களோடு வந்து, அதே சாயங்காலம் நான் முடித்துக் கொடுத்ததுதான். எல்லாவற்றிலும் முதல் கட்டம், எல்லாவற்றிலும் அந்தக் கொக்கி. படவேட்டில் பஸ் இருக்கிறது. அங்கே பாவம் பார்த்தேன் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. கை ஓடிய ஓட்டத்தில் போட்டிருக்கிறேன்.

அவர்களில் யாரும் கேட்கவில்லை. சாரிடம் சொன்னேன். "யாரும் கேக்காதத நீ எதுக்கும்மா நோண்டுற? இன்னொரு கடுதாசி இந்த ஆபீஸ்லருந்து போச்சுன்னா நீயும் கூடவே போயிடுவ" என்றார். விதிப்படி திருத்த டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும்தான் நேரம்.

அறுபத்தொரு பேருக்கும் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஃபாரத்தில் தவறாக டிக் போட்டது நான், இந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் கேட்டால் திருத்த விதி இருக்கிறது என்று. எல்லாம் என் பையில் இருக்கிறது. மூன்று நாளாக வீட்டுக்குக் கொண்டு போகிறேன், திரும்பக் கொண்டு வருகிறேன். ஒவைஸ் எதிரே வந்தால் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

ஆஸ்மா


ஜவ்வாது மலை யூனிட்
17.12.2024

ஆஸ்மா,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ என்று எழுதுகிறேன், இனிமேல் அப்படித்தான்.

வேலை போகாது என்று நான் சொல்ல மாட்டேன், போனாலும் போகும். உன் வேலை, உன் வீடு, அதை எடை போட நான் யார்? ஆனால் அந்த அறுபத்தொரு பேருக்கும் தெரிய வேண்டியது உன் பையில் இருக்கிறது. முகாம் டாக்டர் இருபத்திரண்டாம் தேதி படவேட்டுக்குப் போகிறார் என்று நவீன்குமார் சொல்கிறார். ஊசியோடு போகிறார்.

பயமாக இருந்தால் பயந்துகொண்டே அனுப்பு. இது கையில் கிடைத்த அன்றைக்கே அனுப்பு.

பாஞ்சாலை